குறிஞ்சிப்பாடித் தூண்டிலியல்: ஒரு திணை ஆராய்ச்சி

ஊர்ப் பெயரில் குறிஞ்சி இருக்கிறது. ஊரில் மலை இல்லை. கடலோ வடகிழக்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தள்ளி, கடலூர் முதுநகரில். ஆகவே குறிஞ்சிப்பாடிக்காரன் ஞாயிற்றுக்கிழமை தூண்டிலோடு கிளம்புவது, குறிஞ்சியிலிருந்து நெய்தலுக்குப் போகும் இலக்கியச் செயல். புலவர் உலகம் இதைக் கண்டுகொள்ளாத குறையை நீக்க எழுந்தது இக்கட்டுரை.

நூற்பா (யாம் இயற்றியது):

நாளும் நேரமும் நவில்க, நவின்றபின்
காற்று மறுப்பின் கைவிடல் கடனே.

'கைவிடல்' என்றது திட்டத்தை, தூண்டிலை அன்று.

முதற்பொருள்: குறிஞ்சிக்குரிய சிறுபொழுது யாமம். தூண்டில்காரன் திட்டம் போடுவதும் யாமத்தில்தான், வீட்டார் உறங்கியபின். போன ஞாயிறு காலை 6 மணிக்குக் கடலூர் உப்பனாற்றில் ஓதம் ஏறியதைப் பார்த்தவன், இந்த ஞாயிறும் 6 மணி என்று குறித்துக்கொள்கிறான். ஓதமோ நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் பிந்தும். ஏழு நாளில் கிட்டத்தட்ட 6 மணி நேரம். பெருக்கைத் தேடிப் போனவனை வற்றம் வரவேற்கும்.

கருப்பொருள்: தீப்பெட்டிக்குள் பஞ்சில் குத்திய மூன்று முள், நரம்புச் சுருள், பழைய ரப்பர் செருப்பில் வெட்டிய தக்கை, கொட்டாங்குச்சியில் ஈரமண்ணோடு புழு, தாளில் மடித்த இறால். இறால் உப்பனாற்றுக்கு, புழு ஏரிக்கு. இரண்டையும் எடுத்துப்போகிறவனே முன்யோசனைக்காரன் என்பது எம் துணிபு. எம்மோடு வந்த மாமா இறால் மட்டுமே எடுத்துவந்தார்.

உரிப்பொருள்: வாசலில் வண்டியை உதைக்கையில் பிரிதல். தக்கையைப் பார்த்தபடி இருத்தல். முள் பாறையில் மாட்டினால் இரங்கல். வீடு திரும்பினால் ஊடல். மீனுக்கும் முள்ளுக்கும் புணர்தல் மட்டும் அரிது.

கள ஆய்வு: விடிகாலை உப்பனாற்றங்கரை சேர்ந்தோம். கொண்டல் எதிரே அடித்தது. மாமா வீசிய நரம்பு திரும்பி வந்து அவர் சட்டைக் காலரிலேயே மாட்டியது. அன்றைய முதல் பிடிப்பு அது. வலையைப் பொத்திக்கொண்டிருந்த பெரியவர் தலை நிமிராமலே, "தண்ணி வத்துது தம்பி. ஏரிப் பக்கம் போய்ப் பாருங்க" என்றார்.

"போட்ட பிளான் போட்டதுதான், மாப்ளே" என்றார் மாமா. இரண்டு மணி நேரம் இருத்தல் நிகழ்ந்தது.

தடையும் விடையும்: "அற்றேல், பொழுது மயங்கலாம், நிலம் மயங்காது என்பதன்றோ தொல்காப்பியர் கொள்கை?" எனின், அவர் நெய்வேலியை அறியார் என்க. அங்கே பழுப்பு நிலக்கரிக்கு அடியிலுள்ள ஊற்றுநீர் அழுத்தத்தோடு மேலெழும். அதை இடைவிடாது இறைத்தால்தான் சுரங்கம் வெட்ட முடியும். இறைத்த நீர் பரவனாற்று வழியே வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் வருகிறது. அதில் நெல் விளைகிறது, மீனும் வளர்கிறது. பாதாளமே மருதத்தோடு மயங்கியபின், நெய்தலுக்குப் போனவன் ஏரிக்கரைக்குத் திரும்புவதில் என்ன இழுக்கு?

திரும்பினோம். என் கொட்டாங்குச்சிப் புழுவுக்குப் பெருமாள் ஏரியில் ஐந்து ஜிலேபி மீன் கிடைத்தன. மாமா அத்தைக்கு வாக்களித்ததோ சங்கரா.

முடிவுரை: ஊடலை எதிர்பார்த்தே அடுப்படிக்குள் நுழைந்தோம். அத்தை மசாலா எதுவும் அரைத்திருக்கவில்லை. புளி மட்டும் ஊறிக்கொண்டிருந்தது. சங்கராவுக்கும் சேரும், ஜிலேபிக்கும் சேரும். பக்கத்தில் நாலு கத்தரிக்காய்.

"அது எதுக்கு அத்தை?"

"வெறுங்கையோட வந்தீங்கன்னா?"

யாமத்தில் யாம் நவின்ற திட்டங்கள் அனைத்தினும் அந்தப் புளிச்சட்டியே மேம்பட்டது எனக் கண்டு, ஆய்வை இத்துடன் நிறுத்தினோம். மீன் கழுவ ஆள் வேண்டியிருந்தது.