பிரிக்காத பெட்டி

கோவையில் நண்பர் ஒருவர் வீட்டு ஹாலில் கண்ணாடி அலமாரிக்குள் ஒரு டிவி கேம் பெட்டி இருக்கிறது. அதன் பளபளப்பைப் பாராட்டியே ஆகவேண்டும். வாங்கியபோது ஒட்டியிருந்த சீல் இன்னும் உடையவில்லை. கேசட்டில் ஒரு கீறல் இல்லை. இத்தனை வருஷமாக ஒரு குழந்தையின் விரல்கூட அதன் பட்டன்மேல் பட்டதில்லை. இவ்வளவு பத்திரம் எல்லோருக்கும் கைவராது.

அவரைவிடப் பெரிய கையும் உண்டு. 2021 ஜூலையில் அமெரிக்காவில் சீல் உடையாத ‘சூப்பர் மேரியோ 64’ கேசட் ஒன்று 15 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்கு ஏலம் போனது. பிரித்தால் விலை விழுந்துவிடும். ஆகவே உள்ளே இருக்கும் மேரியோவுக்கு ஓடிக் களைக்கும் சிரமமே இல்லை.

மேட்டுப்பாளையத்தில் நான் பார்த்த பெட்டிக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. ஊட்டி ரோட்டில் ஒரு டிவி ரிப்பேர் கடை. ஞாயிறு மதியம் உள்ளே நாலைந்து பேர். உருளைக்கிழங்கு மண்டியில் கணக்கு எழுதுபவர், ஒரு வாத்தியார், அவர் மகள். “வாங்கண்ணா, கான்ட்ரா போடட்டுங்களா?” என்றார்கள், பல நாள் பழகியவர்கள் மாதிரி.

நின்டெண்டோ 1983 ஜூலை 15 அன்று ஜப்பானில் விற்பனைக்கு விட்ட ஃபேமிகாம் கேம் பெட்டியின் நகல் அது. நம் கடைத்தெருக்களுக்கு வந்தவை பெரும்பாலும் நகல்கள்தான். பிளாஸ்டிக் பழுப்பேறி, ஒரு திருகு இல்லாமல், ஜாய்ஸ்டிக் ஒயரில் இன்சுலேஷன் டேப் சுற்றிக் கிடந்தது. கேசட் படம் காட்டவில்லை. வழக்கம்போல ஊதப் போனாள் சிறுமி. “ஊதாத கண்ணு, ஈரம் பட்டா பின்னு கறுத்துரும்” என்று தடுத்தார் மெக்கானிக். பென்சில் ரப்பரால் பின்களைத் தேய்த்து, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்துச் செருகினார். மேரியோ பாட்டு கேட்டதும் மண்டிக்காரர் முகம் பத்து வயசுக்குப் போய்விட்டது.

வாத்து சுடும் துப்பாக்கியும் வைத்திருக்கிறார்கள். விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் இருண்டு, வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் மின்னும். குழலுக்குள் இருக்கும் ஒளி உணரி அதைப் பிடித்தால் வாத்து விழும். எல்இடி டிவி படத்தைத் துளி தாமதித்துக் காட்டுவதால் குறி தப்பிவிடும். அதற்கென்றே ஒரு பழைய பிக்சர் டியூப் டிவியை உயிரோடு வைத்திருக்கிறார்கள்.

அந்தக் காலத்தில் மன்னன் தொண்டைமானின் படைக்கலங்கள் நெய் பூசி அழகாக இருப்பதையும், அதியமானின் வேல்கள் நுனி சிதைந்து கொல்லன் உலைக்களத்தில் கிடப்பதையும் அவ்வை சொன்னாள். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. நானும் பொய் சொல்லவில்லை: நண்பரின் பெட்டி புத்தம் புதிது, மேட்டுப்பாளையத்துப் பெட்டி எந்நேரமும் பட்டறையில்.

நண்பர் தம் பழைய டிவியை எடைக்குப் போட்டுவிட்டார். ஹால் விசாலமாக இருக்கிறது. உங்கள் வீட்டுப் பரணில் ஒன்று மிச்சமிருந்தால் இரும்புக் கடைக்குப் போடாதீர்கள். அந்தத் துப்பாக்கிக்கு அது வேண்டும்.