ஏழே மாதத்தில் மூன்று தட்டு

கேள்வி: இசைக்குழுவை விட்டு விலகும் கிட்டார் கலைஞர்கள் உடனே தனி ஆல்பம் போடுகிறார்களே, கோபத்திலா?
– வாசகர், பெக்கான் நானாஸ்

பதில்: கோபத்தில் கதவைத்தான் சாத்த முடியும்; ஆல்பம் போடக் கையிருப்பு வேண்டும். உங்கள் ஊரில் அன்னாசிக் கொண்டையை வெட்டி நட்டாலும் பழம் பார்க்க ஒரு வருடத்துக்கு மேலாகும். பீட்டில்ஸ் கிட்டார் கலைஞர் ஜார்ஜ் ஹாரிசனுக்கு ஏழே மாதம்! பீட்டில்ஸ் உடைந்த செய்தி 1970 ஏப்ரலில்; 'ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்' நவம்பரில், அதுவும் மூன்று இசைத்தட்டுகளாக. தலைப்புப் பாட்டே 1969 ஜனவரியில் பீட்டில்ஸ் ஒத்திகை பார்த்து ஒதுக்கியதுதான். லென்னன், மெக்கார்ட்னி பாட்டுகள் போக மிச்ச இடம்தானே அவருக்கு! ஆக, குழு மறுத்த பாட்டுகள்தான் விலகியதும் வரும் தனி ஆல்பம். "அதே வருடம் ஃப்ளீட்வுட் மேக்கை விட்ட பீட்டர் கிரீன், பாட்டே இல்லாமல் வெறும் வாசிப்பைத்தானே வெளியிட்டார்?" என்பீர்கள். அவர் அந்தக் குழுவைத் தொடங்கியவர். அவர் பாட்டை மறுக்க அங்கே ஆளில்லை, மிச்சமும் இல்லை. டெல்லி 'இந்தியன் ஓஷன்' குழுவின் கிட்டார் கலைஞர் சுஷ்மித் சென், 2013இல் விலகுமுன்பே தனி ஆல்பம் போட்டாரே என்றால், அவரும் என் கட்சிக்குத்தான் சாட்சி சொல்கிறார்: சரக்கு முந்திக்கொண்டது, ராஜினாமா பிந்திவிட்டது.