சைவ எண்ணெய்

நார்வேயில் 2024இல் விற்ற புதிய கார்களில் சுமார் 89 விழுக்காடு முழு மின்சாரக் கார்கள். வரிவிலக்கு, சுங்கச் சலுகை, பேருந்துத் தடத்தில் போக அனுமதி என்று அரசு அவற்றுக்கு மாப்பிள்ளை உபசாரமே நடத்தியது. மின்சாரமும் பெரும்பாலும் அணை நீரில் பிறப்பது. 1989இல் 'ஆ-ஹா' இசைக்குழுக்காரர்கள் ஒரு மின்சார ஃபியட்டில் ஏறிக்கொண்டு, சுங்கம் கட்ட மாட்டோம் என்று அடம்பிடித்தபோது இவ்வளவு தூரம் வரும் என்று யார் நினைத்தார்கள்? குறை சொல்ல இடமில்லை.

சரி, சலுகை கொடுக்கக் கஜானாவில் காசு ஏது? வடகடல் எண்ணெய்தான். அதிலும் பாருங்கள், சுத்தபத்தம். 2019இல் திறந்த யோஹான் ஸ்வெர்ட்ரூப் எண்ணெய் வயலுக்குக் கரையிலிருந்து கடலடிக் கம்பி வழியே மின்சாரம் போகிறது. அதனால் ஒரு பீப்பாய் எண்ணெய் எடுப்பதில் ஒரு கிலோ கரியமில வாயுகூட வருவதில்லை என்று பெருமை.

அதே பீப்பாயை எரித்தால் 400 கிலோவுக்கு மேல் வருமே? வரும், வாங்கியவர் வீட்டுக் கணக்கில். நார்வே ஏமாற்றவில்லை, உலக நாடுகள் கூடி ஒப்புக்கொண்ட கணக்கு முறையே அப்படி. எரித்தவர் பெயரில்தான் பற்று எழுதுவார்கள். விற்றவருக்கு அந்தப் பேரேட்டில் பக்கமே கிடையாது.