கடல் வந்தது, கப்பல் எங்கே?

கேள்வி: திருப்பதி மாவட்டத்துக்குத்தான் இப்போது கடற்கரை இருக்கிறதே! சித்தூர் மாம்பழக்கூழ் இன்னும் ஏன் சென்னைத் துறைமுகத்துக்குப் போகிறது?

பதில்: 2022-ல் சித்தூரிலிருந்து திருப்பதி மாவட்டத்தைப் பிரித்தவர்களால் கடலைத்தான் தரமுடிந்தது, கப்பலை அல்ல. அந்தக் கரையிலுள்ள துகராஜப்பட்டினத்தில் 1626-லேயே ஆங்கிலேயர் கடை விரித்தார்கள். துணி மலிவாகக் கிடைக்கும் இடம் தேடி, 1639-ல் சென்னைக்கு வந்தார்கள். சரக்கு இருக்கும் இடத்துக்குத்தான் கப்பல் வரும். பக்கத்தில் கிருஷ்ணப்பட்டினம் துறைமுகம் இருக்கிறதே என்பீர்கள். அங்கே ஆழம் தாராளம், நிலக்கரிக்கு அது போதும். தோத்தாபுரி மாம்பழக் கூழுக்கு வேண்டியதோ தவறாமல் கிளம்பும் கன்டெய்னர் கப்பல். திருப்பதிக் கரையிலேயே துறைமுகம் வந்தால் சுற்றுலாவும் வளருமாம்! ஏழுமலையானைப் பார்க்க யாரும் கப்பலேறி வருவதில்லை. பழவேற்காட்டுப் பூநாரைகூடப் பறந்துதான் வருகிறது.