ஐயாவின் பரீட்சைகள்

பிரயாணம் செய்தவர்கள் எல்லோரும் படித்தவர்களாகிவிடுவதில்லை என்பதற்கு எங்கள் செட்டிநாட்டில் அத்தாட்சிகள் ஏராளம். கடல் கடந்து கொண்டுவிக்கப் போய், மூன்று வருஷக் கணக்கு முடித்துத் திரும்பியவர்கள் பர்மாத் தேக்கையும் பெல்ஜியம் கண்ணாடியையும் இத்தாலியச் சலவைக்கல்லையும் கொண்டுவந்து இறக்கினார்களே அன்றி, குடியிருந்த ஊரின் பாஷையில் வட்டி கேட்பதற்கு வேண்டிய நாலு வார்த்தைக்கு மேல் ஐந்தாவது வார்த்தையைச் சுமந்து வந்ததில்லை. என் தகப்பனாரின் தகப்பனாராகிய ஐயா மாத்திரம் இந்த நல்ல வழக்கத்துக்கு விரோதமாக நடந்துகொண்டார்.

1926-இல் கட்டப்பட்ட 'ரஜூலா' கப்பலில் நாகப்பட்டினத்தில் ஏறிப் பினாங்கில் இறங்குவதற்குள், டெக் பிரயாணிகளில் பாதிப் பேர் வயிறு குமட்டிப் படுத்தே கிடக்க, ஐயா ஒரு வயதான கலாசியைக் குருவாக வரித்துக் கயிறு முடியும் வித்தையைக் கற்றுக்கொண்டார். வித்தை பலித்ததில் சந்தேகமில்லை. ஊர் திரும்பியபோது அவர் கட்டிக்கொண்டு வந்த டிரங்குப் பெட்டியை வளவிலிருந்த பங்காளிகள் ஒருவர்பின் ஒருவராக அவிழ்க்க முயன்று தோற்ற பிறகு, அவிழ்க்கும் பாடம் நடப்பதற்குள் பினாங்கு வந்துவிட்டதென்று ஐயா சாவதானமாகத் தெரிவித்தார். அப்பத்தா அரிவாள்மணையைக் கொண்டுவந்து அந்தச் சாஸ்திரத்தை ஒரே அறுப்பில் முடித்துவைத்தாள்.

பிறகு ரங்கூன் மொகல் தெருவில் ஒரு கடைக்கு அடுத்தாளாகப் போனவர், பகலெல்லாம் பேரேடு எழுதிவிட்டு, இரவில் ஒரு பௌத்த பிக்ஷுவிடம் பர்மிய அட்சரம் எழுதினார். அடுத்த வீட்டுக்குத் தேக்குத் தூண்கள் வந்து இறங்கிய வருஷத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தது ஓர் அரிச்சுவடிப் புத்தகம். வட்டமும் அரைவட்டமுமாக நிறைந்திருந்த அதன் பக்கங்களை வெகுநேரம் புரட்டிய அப்பத்தா, "முறுக்குச் சுத்துறதுக்குப் புத்தகம் எதுக்கு? எனக்குத்தான் தெரியுமே" என்றாளாம்.

கீழ்ப் பர்மாவின் நெல்வயல்களில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு, விலை வீழ்ச்சியில் கடனைத் திருப்ப முடியாத குடியானவர்களிடமிருந்து செட்டியார்கள் கைக்கு வந்து சேர்ந்திருந்த காலம் அது. 1941 டிசம்பரில் ரங்கூன்மேல் ஜப்பானியர் குண்டு போட்டதும், வயலைச் சுருட்டி மடியில் கட்டிக்கொள்ள வழியில்லாமல் முதலாளிகள் கலங்கி நின்றார்கள். ஐயாவின் ஆஸ்தியோ நடக்கத் தெரிந்த ஆஸ்தி. தாமு வழியாக மணிப்பூர் மலைகளைக் கால்நடையாகக் கடந்து, திமாப்பூரில் ரயிலேறி வந்து சேர்ந்தவரை எலும்பும் தோலுமாகக் கண்டு வளவே அழுது நின்றபோது, அவர் மணிப்பூரி பாஷையில் ஒன்று முதல் பத்து வரை எண்ணிக் காட்டினாராம். எட்டில் சற்றே தடங்கல் ஏற்பட்டதற்காக வருந்தவும் செய்தாராம். ஆயிரக்கணக்கானோர் மாண்ட அந்தப் பாதையைப் பற்றி அவர் வேறெதுவும் பேசி நாங்கள் கேட்டதில்லை.

கற்பவனுக்கு வயது ஏறுவதில்லை என்பார்கள். அவனோடு குடித்தனம் செய்கிறவர்களுக்கு அதையும் சேர்த்து ஏறுகிறது என்பது எங்கள் வீட்டார் கண்ட உண்மை. 1918-இல் சென்னையில் தொடங்கிய ஹிந்தி பிரசார சபையின் பிராத்மிக் பரீட்சைக்கு என்னைச் சேர்த்த கையோடு, அறுபதைத் தாண்டிய ஐயா தம் பெயரையும் சேர்த்துவிட்டார். பரீட்சையன்று கண்காணிப்பாளர் அருகில் வந்து, "பேரனைக் கொண்டாந்து விட்டாச்சில்ல, பெரியவர் வெளியே இருங்க" என்று விநயமாகச் சொல்ல, ஐயா மடியிலிருந்து ஹால் டிக்கெட்டை எடுத்து நீட்டினார். அதை இருபுறமும் திருப்பிப் பார்த்த அந்த மனிதர், பேசாமல் அவரை எனக்குப் பக்கத்திலேயே உட்காரவைத்தார். மை இறங்காத பேனாவை நான் உதறிக்கொண்டிருக்கையில் ஐயா கூடுதல் தாள் கேட்டார். முடிவு வந்தது: அவருக்கு முதல் வகுப்பு, எனக்கு இரண்டாவது. "படிக்க வேண்டிய வயசுல பய விளையாடுறான்" என்று என் தகப்பனாரிடம் அவர் குறைப்பட்டுக்கொண்டது இன்றளவும் எனக்கு நியாயமாகப் படவில்லை.

எண்பதைத் தாண்டியவருக்கு இனிக் கற்க ஒன்றும் மிச்சமில்லையென்று வீடு ஆசுவாசப்பட்டிருந்த சமயத்தில், 1978-இல் சர்க்கார் தமிழ் எழுத்தையே மாற்றியது. பெரியார் 1935 முதலே தம் பத்திரிகையில் கையாண்டுவந்த சீர்திருத்தத்தை ஏற்று, தும்பிக்கை வைத்த 'லை'யும் சுழித்துவிட்ட 'ணா'வும் உள்ளிட்ட 13 எழுத்துக்களுக்குப் புது உருவம் வந்தது. ஐயாவின் சமவயதினர், கண் மூடும் காலத்தில் இதென்ன சோதனை என்று திண்ணையில் கூடிப் புலம்ப, ஐயாவோ தாய்பாஷையே வேஷம் மாற்றிக்கொண்டு தம்மிடம் பாடமாக வந்து சேர்ந்ததென்று பூரித்துப்போய், ஒன்றாம் வகுப்புக் கொள்ளுப்பேத்தியின் சிலேட்டைப் பறித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வெளியூரில் உத்தியோகத்திலிருந்த நான் பழைய எழுத்திலேயே எழுதிய க்ஷேமலாபக் கடிதம், சிவப்பு மையில் திருத்தப்பட்டு, அடியில் மதிப்பெண்ணோடு என்னிடமே திரும்பி வந்தது. அந்த உறையை ஐயா ஒட்டிக்கொண்டிருக்கும்போது அப்பத்தா சொன்னாளாம்: "இதையும் படிச்சு முடிச்சாச்சா? பாவம், சர்க்காருல உள்ளவுக இன்னும் எத்தனை எழுத்தைத்தான் மாத்துவாக!"