பூதக்கண்ணாடி மாமா

சேப்பாக்கத்தில் மேட்ச் நடக்கிற நாளில் வாலாஜா ரோடு பக்கம் போனால் இவரைப் பார்க்கலாம். ஊரே கிரவுண்டுக்குள் போக முண்டியடிக்கும். இவர் மட்டும் பிளாட்பாரத்தில் நின்று, யாரோ ஒரு பையனின் குட்டி பேட்டை வாங்கி வெயிலில் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"அச்சு" என்பார். அதோடு பையனின் முகம் தொங்கிவிடும்.

"கையெழுத்தைப் பேனாவால போட்டா, கோடும் கோடும் குறுக்கே போற இடத்துல மை கொஞ்சம் தடிச்சுத் தெரியும்டா. இதுல பதினோரு பேருக்கும் ஒரே கறுப்பு. பேட்டோட சேர்த்து அடிச்சு வித்திருக்கான்."

இப்படி ஒருவர் கிரிக்கெட் உள்ள எல்லா ஊரிலும் இருப்பார். பெரும்பாலும் ஆடிட் ஆபீஸில் ரிடையர் ஆனவர். ஆட்டக்காரர்களின் கையெழுத்தைச் சேர்ப்பதுதான் தன் பொழுதுபோக்கு என்று சொல்லிக்கொள்வார். நம்பாதீர்கள். அசல் கையெழுத்தைக் காட்டினால் "ம்" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். போலியைக் காட்டுங்கள், காப்பி வரும், பஜ்ஜி வரும், சாயந்திரம் வரை உங்களை விடமாட்டார்.

பிராட்மன் கையெழுத்தில் மாமாவுக்குச் சுவாரசியமே கிடையாது. மனுஷர் 2001 வரை இருந்தார், வந்த கடிதங்களுக்கெல்லாம் உட்கார்ந்து பதில் போட்டார், அசலே ஏராளம். ரஞ்சி என்றால்தான் மாமா நிமிர்ந்து உட்காருவார். ஒருமுறை ஒருவர் ரஞ்சியின் கையெழுத்து என்று பிரேம் போட்டே கொண்டுவந்தார். மாமா பூதக்கண்ணாடியை ஒரு நிமிஷம்கூட வைக்கவில்லை.

"இது பால்பாயின்ட். அமெரிக்காவிலேயே கடைக்கு வந்தது 1945-ல. ரஞ்சி 1933-லயே போயாச்சு. மேலோகத்துல இருந்து தபால்ல வந்ததா?"

இன்னொருவர் கொண்டுவந்தது அணித்தாள். மன்கட்டும் பங்கஜ் ராயும் நியூசிலாந்துக்கு எதிராக முதல் விக்கெட்டுக்கு 413 ரன் எடுத்தார்களே, அந்த டெஸ்ட். மேலே அழகாக 'சேப்பாக்கம், ஜனவரி 1956' என்று எழுதியிருந்தது. மாமா கையெழுத்துப் பக்கமே கண்ணை இறக்கவில்லை. அந்த மேட்ச் நடந்தது கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில்! அன்றைக்கு மாமா இரண்டு கப் காப்பி கூடுதலாகக் குடித்ததாக மாமி சொல்வாள்.

"இதோட சர்டிபிகேட்டே இருக்கு சார்" என்று மட்டும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள். உடனே அமெரிக்காவுக்குப் போய்விடுவார். 1990-களில் எஃப்.பி.ஐ. 'ஆபரேஷன் புல்பென்' என்று ஒரு வேட்டை நடத்தியது. பிடிபட்ட கும்பலின் சரக்கில் அன்னை தெரசா கையெழுத்திட்ட பேஸ்பால்கூட இருந்தது. போலிகளோடு சான்றிதழும் சேர்ந்தே விற்பனையானது. "அந்தம்மா எந்த டீம்ல ஆடினாங்கன்னு வாங்கினவன் கேட்டானா?" என்று மாமா தொடையில் தட்டிக்கொள்வார்.

அவரிடமும் ஓர் அசல் உண்டு. 1986 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் 'டை' ஆன டெஸ்டில், வெயிலில் வாந்தி எடுத்துக்கொண்டே 210 அடித்த டீன் ஜோன்ஸின் கையெழுத்து, டிக்கெட் துண்டின் பின்பக்கம். கூட்டத்துக்கு நடுவே ஹோட்டல் கதவிடுக்கில் துண்டை நீட்டினார், கையெழுத்தோடு திரும்பி வந்தது. "ஏன்னா, கதவுக்கு அந்தப் பக்கம் ரூம் பாய் போட்டுக் குடுத்திருந்தா?" என்று மாமி ஒருநாள் கேட்டாள். அன்றிலிருந்து அதை வெளியே எடுப்பதில்லை.

போன மாதம் மாமாவின் செக் ஒன்று பாங்க்கிலிருந்து திரும்பி வந்தது. காரணம், கையெழுத்து மாறுபடுகிறது. வேறு யாராக இருந்தாலும் சண்டைக்குப் போயிருப்பார்கள். மாமா பரவசமாகப் போனார்.

"மாறினாத்தான்மா அது அசல்! மனுஷன் ரெண்டு தடவை ஒரே மாதிரி போடவே மாட்டான். ஒண்ணுமேல ஒண்ணு வெச்சு அப்படியே பொருந்தினா, ஒண்ணு டிரேஸ் எடுத்தது, இல்லேன்னா ஆட்டோபென் மெஷின் போட்டது."

கவுன்ட்டரில் இருந்த பெண் பொறுமைசாலி. "சரி அங்கிள். இந்த ஃபார்ம்ல மூணு இடத்துல புதுசா போட்டுடுங்க. மூணும் ஒரே மாதிரி இருக்கணும்."

மாமா மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சுழியாக நிறுத்தி நிதானமாகப் போட்டார். ஃபார்மை நீட்டப் போனவர் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். பையிலிருந்து பூதக்கண்ணாடி வெளியே வந்தது. பின்னால் வரிசை வளர்ந்தது.

"வேகமே இல்லையே... கோடு நடுங்கறதே... முடியற இடமெல்லாம் மொட்டையா நிக்கறதே..."

"என்ன அங்கிள்?"

"மூணும் போலிம்மா" என்று சொல்லிவிட்டு, மாமா ஃபார்மை இரண்டாகக் கிழித்தார்.