காப்புக்கட்டு

மார்கழிக் கடைசி நாளில் எங்கள் அப்பாருக்குக் கை ஓயாது. வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் கொத்தாகக் கட்டி வாசலில் ஒன்று, தொண்டுப்பட்டியில் ஒன்று, கிணற்றுமேட்டில் ஒன்று, காட்டு மூலையில் ஒன்று என்று செருகி வருவார்.

"எல்லாத்தையும் வாசல்லயே செருகீட்டா ஆகாதுங்களா அப்பாரு?" நடக்கச் சோம்பிக் கேட்டேன்.

"வாசல்ல கட்டுனது கெணத்தக் காக்குமா கண்ணு?"

ஓர் ஆடிக்காற்றில் சாளை தீப்பிடித்து, டிரங்குப் பெட்டியோடு காட்டுப் பத்திரமும் கருகியது. அப்பாரு அலட்டிக்கொள்ளவில்லை. பதியும்போதே பத்திர ஆபீஸ் புத்தகத்தில் ஒரு படி ஏறிவிடுமல்லவா? மனுக் கொடுத்து நகல் வாங்கி வந்துவிட்டார்.

நானோ படித்தவன். பீளமேட்டில் கணக்கு எழுதும் ஆபீஸ். பூளை மண்டிய பூளைமேடுதான் பீளமேடு ஆனது என்பார்கள். காப்புக்கு ராசியான இடம். கம்ப்யூட்டரில் ஒரு படி, பக்கத்திலேயே ஹார்ட் டிஸ்கில் ஒரு படி, மேசை டிராயரில் பென் டிரைவில் ஒரு படி. மூன்றும் நான்கடிக்குள். ஒரு ராத்திரி வந்த திருடனுக்கு அலைச்சலே இல்லை. அவன் விட்டுப்போனது தூசி படிந்த பேரேடு ஒன்றைத்தான். 2009 வரைக்கும் கணக்கு பத்திரமாக இருந்தது.

அடுத்து, தீக்கு அஞ்சாத பெட்டகம் வாங்கப் போனேன். காகிதத்துக்கான பெட்டகத்தில் உள்சூடு 177 டிகிரி செல்சியஸ் வரை ஏறலாமாம். கம்ப்யூட்டர் டிஸ்குக்கு என்றால் 52 டிகிரியைத் தாண்டக் கூடாதாம். அப்பாருவின் பத்திரம் பிழைக்கும் இடத்தில் என் டிஸ்க் வெந்துபோகும்.

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைப்பது சின்ன ஆபீஸ்காரனுக்கு மட்டும் வந்த புத்தியல்ல. 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் டேஜான் நகரில் அரசுத் தரவு மையம் தீப்பிடித்தது. அரசு ஊழியர்களின் கோப்புகள் இருந்த 'ஜி-டிரைவ்' 858 டெராபைட்டோடு போயிற்று. அவ்வளவு பெரியதற்கு வெளியே படி எடுக்க முடியவில்லையாம்.

மூன்று படி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியூரில் என்பது இன்று கம்ப்யூட்டர்காரர்களின் வேதம். அதன்படி மாதாமாதம் ஒரு டிஸ்க் கோபிக்கு, தங்கை வீட்டுக்குப் போகிறது. இந்த மாதம் பையனைக் கொண்டுபோகச் சொன்னேன்.

"எல்லாம் கிளவுட்ல இருக்குதுங்கப்பா. எதுக்கு அலையோணும்?"

"பாஸ்வேர்டு எங்கீடா இருக்குது?"

"இந்த லேப்டாப்புலதானுங்க."

பஸ்ஸுக்குக் காசை எடுத்து நீட்டினேன்.